மூணாறு ரயில் திரும்ப ஓடுமா? குண்டளை பள்ளத்தாக்கு லைன் பத்தி கொஞ்சம் விரிவா

போடியிலருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணா, நூறு வருஷம் முன்னாடி மூணாறுல ரயில் ஓடுச்சுன்னு சொல்றாங்களே நெசமா, அதைத் திரும்ப விடப்போறாங்கன்னு அப்பப்ப நியூஸ் வருதே அது நடக்குமா, இப்ப எங்க ஊருக்கு பிராட்கேஜ் டிரெயின் வந்துருச்சு, அப்படியே மேல டாப் ஸ்டேஷன் வழியா மூணாறு வரைக்கும் நீட்டிட்டா என்ன?"ன்னு. மூணு கேள்வி ஒண்ணா இருக்கு தம்பி, மூணுக்கும் பதில் வேற வேற. நான் நீலகிரி மலை ரயில்ல தண்டவாளப் பராமரிப்புல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவன், குண்டளை லைனோட தடத்தைப் பாக்கறதுக்குன்னே நாலஞ்சு தடவை மூணாறு போய் நடந்திருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஓடினது நெசம். அதுக்குப் பேரு குண்டளை வேலி ரயில்வே. கண்ணன் தேவன் மலையில தேயிலைத் தோட்டம் போட்டப்ப அங்க இருந்த பெரிய பிரச்சனை, பறிச்சு அரைச்சு பெட்டியில அடைச்ச தேயிலையை எப்படி கீழ இறக்குறதுங்கறதுதான். 1902ல ஒரு மோனோரயில் போட்டாங்க. மோனோரயில்னதும் இப்ப சிட்டியில ஓடுற மாதிரி தூண் மேல போறதை நெனைச்சுக்காதீங்க. இது எவிங் சிஸ்டம்னு ஒரு முறை, தரையில ஒரே ஒரு தண்டவாளம், வண்டியோட எடையில பெரும்பகுதி அது மேல உக்காரும், வண்டி சாயாம இருக்க பக்கவாட்டுல ஒரு பெரிய சக்கரம் ரோட்டு மேலயே உருண்டுக்கிட்டு வரும், இழுக்கறதுக்கு மாடு. பஞ்சாப்ல பாட்டியாலா சமஸ்தானத்துலயும் இதே மாதிரி ஒண்ணு 1907லருந்து 1927 வரைக்கும் ஓடுச்சு, அந்த வண்டி இப்பவும் டெல்லி ரயில் மியூசியத்துல இருக்கு, அதைப் பாத்தீங்கன்னா மூணாறுல என்ன ஓடிச்சுன்னு புரிஞ்சிரும்.

சரக்கு கூடக்கூட மாடு தாங்கல, 1908ல மோனோரயிலை எடுத்துட்டு ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ரெண்டடி மட்டும் இருக்கற நேரோகேஜ் போட்டு சின்ன நீராவி எஞ்சின் விட்டாங்க. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன், இதுதான் ரூட்டு. டாப் ஸ்டேஷன்ங்கற பேரே இதுல வந்ததுதான், அங்கருந்து தேயிலைப் பெட்டியை கம்பிக்கயித்துல தொங்கவிட்டு ரோப்வே மூலமா கீழ கொட்டகுடிக்கு இறக்குவாங்க, அதுக்குப் பேரு பாட்டம் ஸ்டேஷன், அங்கருந்து மாட்டுவண்டியில போடி. ஆக ரயில் ஓடினது மேல சமதளம் மாதிரி இருக்கற பள்ளத்தாக்குல மட்டும்தான், கீழ இருந்து மலையேறி வரல. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, உங்க மூணாவது கேள்விக்கு பதிலே இதுலதான் இருக்கு.

1924 ஜூலைல வந்த வெள்ளம் எல்லாத்தையும் முடிச்சிருச்சு. மலையாள வருஷம் 1099ங்கறதால அங்க இன்னிக்கும் "தொண்ணூத்தொம்பது வெள்ளம்"னுதான் சொல்லுவாங்க. நாள் கணக்கா விடாம மழை, மலை சரிஞ்சு மண்ணும் மரமும் மாட்டுப்பட்டி பக்கம் ஆத்தை அடைச்சு, தேங்கின தண்ணி ஒடைச்சுக்கிட்டு வந்து மூணாறு டவுனையே அடிச்சிட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. தண்டவாளம், பாலம், ஸ்டேஷன் எல்லாம் போச்சு. ஆலுவாயிலருந்து மாங்குளம் வழியா வந்த பழைய ரோடும் போச்சு. ரோட்டை வேற வழியில அடிமாலி பக்கமா புதுசா போட்டாங்க, 1931ல தொறந்தாங்க. ரயிலை யாரும் திரும்பப் போடல. பதினாறு வருஷம் உழைச்ச லைன் அப்படியே நின்னு போச்சு.

இப்ப என்ன மிச்சம் இருக்குன்னு கேட்டா, ரொம்பக் கம்மி. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிக்குது, தோட்டக் கம்பெனி ஆபீஸா இருக்கு. நல்லதண்ணி எஸ்டேட்ல இருக்கற டீ மியூசியத்துல அந்த ரயிலோட சக்கரம் ஒண்ணு வச்சிருக்காங்க. நான் அதுகிட்ட போய் ரொம்ப நேரம் நின்னேன். சாதாரண ஆளுக்கு அது துருப்பிடிச்ச இரும்பு, எங்க மாதிரி ஆளுக்கு அப்படியில்ல. எங்களுக்கு சக்கரத்துல முதல்ல கண்ணு போறது ஓரத்துல இருக்கற விளிம்புக்குத்தான், வளைவுல தண்டவாளத்தை ஒரசி ஒரசி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாப்போம், விளிம்போட வேர்ல விரலை வச்சா வளைவு எவ்ளோ கூர்மைன்னு ஒரு அனுபவசாலி ஓரளவு சொல்லிருவான். இதை மட்டும் கண்ணால அளந்ததோட சரி, தொட மனசு வரல.

சரி, ரெண்டாவது கேள்வி, திரும்ப விட முடியுமா. 2019, 2020 வாக்குல கேரளா பக்கம் சுற்றுலாவுக்காக இதைத் திரும்பக் கொண்டு வரணும்னு நல்லாவே பேச்சு அடிபட்டுச்சு, தோட்டக் கம்பெனி நிலம் தரும்னும் செய்தி வந்துச்சு. என்னோட பதில், முடியும். டெக்னிக்கலா பாத்தா இது நம்ம ஊட்டி ரயிலை விட ரொம்ப ரொம்ப சுலபமான வேலை. எப்படின்னா மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர் உயரம், டாப் ஸ்டேஷன் 1,700லருந்து 1,900க்குள்ள, அதிகபட்சம் 400 மீட்டர் ஏறணும்னு வச்சாக்கூட தூரம் முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கு, ஆக சராசரி ஏத்தம் 75 அடிக்கு ஒரு அடின்னு கூட வராது. ஊட்டி லைன்ல கல்லாறு குன்னூர் செக்ஷன்ல எங்களுக்கு 12.28 அடிக்கு ஒரு அடி. அந்த ஏத்தத்துல வெறும் சக்கரம் வழுக்கும், அதனாலதான் நடுவுல பல்லு வச்ச ரேக் பார், பின்னாலருந்து தள்ளற எஞ்சின், ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னாடி நின்னுக்கிட்டு ஒரு பிரேக்ஸ்மேன். குண்டளை லைனுக்கு இது எதுவுமே வேண்டாம், சாதாரண சக்கரமே போதும், எடையைத் தாங்கற ட்ராக் இருந்தா சரி. ரெண்டடி கேஜ்ங்கறதால வளைவையும் நல்லா ஒடிச்சுத் திருப்பலாம், டார்ஜிலிங் ரயில் அதே ரெண்டடிதான், 1881லருந்து ரோட்டோரமாவே வீட்டு வாசலை ஒரசிக்கிட்டு ஓடிக்கிட்டிருக்கு.

ஆனா பழைய லைனைத் "திரும்பப் போடறோம்"னு சொல்றாங்கல்ல, அங்கதான் எனக்கு மனசு ஒப்பல. பழைய தடம் அப்படியே இல்ல. ரயில் போனதுக்கு அப்புறம் பள்ளிவாசல் மின் திட்டத்துக்காக 1940கள்லயும் 50கள்லயும் அதே பள்ளத்தாக்குல குண்டளை அணையும் மாட்டுப்பட்டி அணையும் கட்டினாங்க. நீங்க போட்டிங் போறீங்களே அந்தத் தண்ணியெல்லாம் இருக்கற இடம் 1924ல நெலம். ரயில்காரன் எப்பவும் ஆத்தோரமாத்தான் போவான், ஏன்னா ஆறு போற வழிதான் ஏத்தம் கம்மியான வழி, அதனால பழைய தடத்துல ஒரு பகுதி இப்ப தண்ணிக்கு அடியில. மீதியில பெரும்பகுதி டாப் ஸ்டேஷன் ரோடா மாறிடுச்சு. அந்த ரோட்டுல போறப்ப கவனிச்சுப் பாருங்க, மலை ரோட்டுல இருக்கற மாதிரி திடீர் திடீர்னு ஏத்த எறக்கம் இல்லாம நீளத்துக்கு ஒரே சீரா ஏறுற இடங்கள் வரும், அது ரோட்டுக்காரன் வெட்டினதில்ல, ரயில்காரன் வெட்டினது. ஆக இப்ப போடணும்னா புதுசா சர்வே பண்ணி, தண்டவாளத்துக்காக மலைச்சரிவைப் புதுசா வெட்டி, அதாவது கட்டிங் போட்டு, புது லைன்தான் போடணும். அதைப் புது லைன்னே சொல்லிப் போடலாம், தப்பே இல்ல.

வெளிநாட்டுல செத்துப்போன மலை லைனுக்கு உயிர் குடுத்திருக்காங்க. பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வேன்னு ஒண்ணு, கேஜ் நம்ம குண்டளை லைனை விட அரை இஞ்சுதான் கம்மி. 1930கள் கடைசியில மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கி, மறந்தே போயிட்டாங்க. அதை 1997லருந்து துண்டு துண்டா தொறந்து, 2011ல மொத்தம் 40 கிலோமீட்டரும் ஓட ஆரம்பிச்சிருச்சு, எஞ்சின் தென்னாப்பிரிக்காவுலருந்து கொண்டு வந்தாங்க. அது ஈஸியா நடக்கல, கோர்ட்டு கேஸு, நெலப் பிரச்சனை, விவசாயிங்க எதிர்ப்பு எல்லாம் தாண்டி, தண்டவாளம் போடறதுல இருந்து புதர் வெட்டறது வரைக்கும் தன்னார்வலருங்க வந்து செஞ்சாங்க.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, வியட்நாம்ல தலாத் மலை ரயில். 84 கிலோமீட்டர், எங்க லைன் மாதிரியே பல்சக்கர லைன், போர்ல 1968ல நின்னு போச்சு. அதுல ஓடின சுவிஸ் எஞ்சின்கள் காட்டுல துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அதே நேரத்துல சுவிட்சர்லாந்துல ஃபூர்கா மலை உச்சி லைனை 1981ல மூடினாங்க, கீழ சுரங்கம் வந்ததால. மூடின லைனைத் திரும்ப ஓட்டணும்னு கெளம்பின ஆளுங்க 1990ல வியட்நாம் போய் அந்த எஞ்சின்களை வாங்கி, மலையிலருந்து இறக்கி, கப்பல்ல ஏத்தி சொந்த ஊருக்கே கொண்டு போனாங்க, 1992ல ஒரு பகுதி, 2010ல முழு லைனும் ஓட ஆரம்பிச்சது. வியட்நாம்ல எஞ்சினும் போயி தண்டவாளமும் போயி, இப்ப தலாத் பக்கத்துல வெறும் 7 கிலோமீட்டர் டூரிஸ்ட்டுக்காக ஓடுது. ஆனா அந்த 7 கிலோமீட்டர் முப்பது வருஷத்துக்கு மேலா ஓடிக்கிட்டிருக்கு, அதைக் கொறைச்சு நெனைக்காதீங்க. மூணாறுக்கும் நான் சொல்றது அதுதான், முப்பது கிலோமீட்டர் வேண்டாம், முதல்ல மூணாறுலருந்து மாட்டுப்பட்டி வரைக்கும் போடுங்க, பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர், சீசன்ல அந்த ரோடு முழுக்க கார் நிக்குது, நெஜமாவே அங்க ஒரு ரயிலுக்கு வேலை இருக்கு.

நெலம்னு பாத்தா அது ஒரு பெரிய சிக்கல். கண்ணன் தேவன் நெலத்தை கேரள அரசு 1971ல சட்டம் போட்டு எடுத்தது, எது அரசோடது எது கம்பெனியோடதுன்னு அந்தக் கணக்கு இன்னிக்கு வரைக்கும் பேச்சுலதான் இருக்கு. கம்பெனி நெலம் தருதுன்னு பேப்பர்ல படிச்சதும் வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கக் கூடாது. டாப் ஸ்டேஷனே தமிழ்நாட்டுல தேனி மாவட்டத்துல வருது, அதனால கடைசிப் பகுதிக்கு ரெண்டு மாநில அரசு, ரெண்டு வனத்துறை. பக்கத்துலயே பாம்பாடும் சோலை, குறிஞ்சிமலை சரணாலயம். யானை நடமாட்டம் தெனமும் உண்டு. கோயம்புத்தூர் பாலக்காடு நடுவுல வாளையாறு லைன்ல யானை அடிபட்டுச் சாகறதைப் பாத்து நொந்தவன் நான், ஆனா அது வேகமா போற பெரிய லைன், பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல பகல்ல மட்டும் போற சின்ன வண்டி யானையைப் பாத்து நிக்க முடியும், எங்க லைன்லயே யானை ட்ராக்ல நிக்கறப்ப அது நகர்ற வரைக்கும் வண்டி காத்துக் கெடக்கறது உண்டு. ராத்திரி ஓட்டறோம்னு மட்டும் யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

இப்ப நான் மெயினா சொல்ல வந்த விஷயம். இந்த லைனைக் கொன்னது வயசோ நஷ்டமோ இல்ல, தண்ணி. திரும்ப வந்தாலும் அதைக் கொல்லக் காத்திருக்கறது அதே தண்ணிதான். மலை ரயில்னா எல்லாரும் எஞ்சினைப் பத்திப் பேசறாங்க, பெட்டியில கண்ணாடி கூரை வைக்கலாமான்னு பேசறாங்க, எங்க வேலையில பாதிக்கு மேல வடிகால்தான். ட்ராக்குக்கு ரெண்டு பக்கமும் சைடு டிரெயின், கட்டிங்கோட தலையில மலைமேலருந்து வர்ற தண்ணியைப் பிடிச்சுத் திருப்பி விட ஒரு கேட்ச் டிரெயின், அப்பறம் ட்ராக்குக்கு அடியில தண்ணி போக கல்வெர்ட்டு. இதுல ஒண்ணு அடைச்சா போதும்.

ஐப்பசி மழை நேரம் ஒரு ராத்திரி எங்க லைன்ல ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் ரோந்து போனேன், கூட ட்ராக் வேலை பாக்கற ஒரு கேங்மேன், ரெயின்கோட்டு போட்டும் உள்ள வரைக்கும் நனைஞ்சாச்சு. ஒரு கல்வெர்ட்டுகிட்ட வந்ததும் அவர் நின்னுட்டார், லைட்டை தண்ணிக்கு நேரா காமிச்சார். போறப்ப அந்தத் தண்ணி தெளிவா ஓடுச்சு, திரும்பி வர்றப்ப சிவப்பா, குழம்பு மாதிரி, சத்தமும் கம்மியாயிருச்சு. மழை அதே மழைதான், ஆனா தண்ணி கொறைஞ்சிருக்கு, நிறம் மாறியிருக்கு, அப்படின்னா மேல எங்கயோ மண்ணு ஒடைஞ்சு தண்ணியை அடைச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். புது மண்ணு வாசம் வேற வந்துச்சு, கெளறின வயல் வாசம். உடனே பின்வாங்கி ஸ்டேஷனுக்குச் சொல்லி லைனை மூடினோம், விடியக்காலையில பாத்தா அந்தக் கட்டிங்கோட பாதி மலை ட்ராக் மேல கெடந்துச்சு, வேரோட ரெண்டு மரமும் சேத்து. அந்த கேங்மேனுக்கு அதை எந்தக் கருவியும் சொல்லல, முப்பது வருஷம் அதே பத்து கிலோமீட்டரை நடந்த கால் சொல்லிச்சு. மூணாறு லைனுக்கு எஞ்சின் வாங்கறது பெருசில்ல, அந்த மாதிரி நடக்கற ஆள் வேணும், சம்பளம் குடுத்து, வருஷம் முழுக்க, டூரிஸ்ட் வராத ஜூன் ஜூலையிலயும். ஊட்டி ரயிலே டிக்கெட்டுல வர்ற காசை விட செலவு அதிகமான ரயில்தான், யுனெஸ்கோ 2005ல பாரம்பரியச் சின்னமா எடுத்துக்கிட்ட லைன்ங்கறதாலயும் ரயில்வே பெரிய துறைங்கறதாலயும் ஓடுது. மகாராஷ்டிரால இருக்கற மாத்தேரன் மலை லைன் 2005 வெள்ளத்துல போச்சு, 2007ல திரும்ப வந்துச்சு, 2019 மழையில நேரல் பக்கம் திரும்ப அடிச்சிட்டுப் போச்சு, 2022 அக்டோபர்லதான் திரும்ப ஓடுச்சு. பின்னால ரயில்வே நிக்கறதால வந்துச்சு. மூணாறுல ஒரு சுற்றுலா கார்ப்பரேஷன் இதை நடத்தினா முதல் பெரிய சரிவுக்கு அப்பறம் யாரு காசு போடுவாங்கங்கறதை லைன் போடறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கணும்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும், இதை விட்டுட்டு மூணாறு மலையைப் பத்திப் பேச எனக்கு மனசு வராது. 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடியில ராத்திரி மலை சரிஞ்சு லயன் வீட்டுல தூங்கிட்டிருந்த 70 பேர் போனாங்க, அத்தனையும் நம்ம தமிழ் தோட்டத் தொழிலாளர் குடும்பங்க. மூணாறு பக்கத்துல கேப் ரோட்டை அகலப்படுத்தறோம்னு மலையை வெட்டினதுல எத்தனை தடவை சரிஞ்சதுன்னு அந்தப் பக்கம் போறவங்களுக்குத் தெரியும். இந்த மலையில கட்டிங் வெட்டறவன் கட்டிங்குக்கு மேல யாரு வீடு இருக்கு, கீழ யாரு வீடு இருக்குன்னு பாத்துட்டுத்தான் கடப்பாறையை எடுக்கணும். ரயில் வந்தா அந்த மக்களுக்கு பாஸ் குடுக்கணும், புள்ளைங்க பள்ளிக்கூடம் போக, ஆஸ்பத்திரி போக அது உதவணும். அந்த லைனை அன்னிக்கு மண்ணு வெட்டிப் போட்டதும் அதுல பெட்டி ஏத்தினதும் கீழ இருந்து கூட்டிட்டுப் போன நம்ம ஆளுங்கதான், அவங்க பேரன் பேத்திங்க ரோட்டோரம் நின்னு டூரிஸ்ட் ரயிலுக்குக் கை காமிக்கறதோட முடியக் கூடாது.

இப்ப மூணாவது கேள்வி, போடியிலருந்து மேல. தம்பி, உங்க ஆசை எனக்குப் புரியுது, மீட்டர்கேஜ் நின்ன நாள்லருந்து பன்னெண்டு வருஷம் காத்திருந்து 2023 ஜூன்ல உங்க ஊருக்கு ரயில் வந்துச்சு, விடியக்காலையில ஜீப்புல அடைச்சுக்கிட்டு ஏலக்காய் தோட்டத்துக்கு மலையேறுற சனத்தைத் தெனமும் பாக்கறீங்க, ரயில் மேல வரைக்கும் போனா நல்லாத்தான் இருக்கும். ஆனா கணக்கைப் பாருங்க. போடி சுமார் 350 மீட்டர், டாப் ஸ்டேஷனுக்கு சுமார் 1,400 மீட்டர் ஏறணும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1,700 சொச்சம், அதே 1,400. ஆக நீங்க கேக்கறது இன்னொரு நீலகிரி மலை ரயில் முழுசா. மொத்த ஊட்டி லைனுக்கு 208 வளைவு, 16 குகை, 250 பாலம், குன்னூர் வரைக்கும் போடவே 1891ல ஆரம்பிச்சு 1899 ஆச்சு, இன்னிக்கும் 46 கிலோமீட்டர் ஏற அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. குரங்கணி மேல ஏறுற சரிவு அதை விட செங்குத்து, அதனாலதான் அன்னிக்கே வெள்ளைக்காரன் தண்டவாளம் போடாம ரோப்வே போட்டான், அந்த முடிவு சரியான முடிவு. அதுவும் இப்ப காடு, 2018 மார்ச்ல குரங்கணியில தீ புடிச்சு மலையேறப் போன புள்ளைங்க செத்தது அந்தப் பக்கத்து மலைச்சரிவுலதான். பல்சக்கர லைன்னா அந்தக் காட்டுல குறைஞ்சது பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் வளைச்சு வளைச்சு வெட்டணும், வெட்டக் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். போடிக்கும் கொட்டகுடிக்கும் பஸ்ஸை ஒழுங்கா விட்டு, அங்கருந்து டாப் ஸ்டேஷனுக்கு பழைய மாதிரியே ஆள் போற ரோப்வே ஒண்ணு போட முடியுமான்னு பாக்கலாம், அதுக்கு அங்கங்க டவர் நிக்கற அளவு இடம் போதும், கட்டிங் வெட்டற வேலை இல்ல. மேல ரயில், நடுவுல கம்பி, கீழ ரயில், அன்னிக்கு தேயிலைப் பெட்டி வந்த அதே வழி.

எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கற குறிஞ்சி அடுத்து 2030ல பூக்கும், அதுக்குள்ள ரயில் விட்டுருவோம்னு யாராவது அவசரப்பட்டா ஒத்துக்காதீங்க. முதல்ல மூணாறு மாட்டுப்பட்டி நடுவுல தடம் போற மலை முழுக்க மழைமானி வச்சு, ஒவ்வொரு ஓடையிலயும் எவ்ளோ தண்ணி எவ்ளோ வேகத்துல வருதுன்னு ரெண்டு முழு மழைக்காலம் அளக்கணும், மண்ணோட ஆழம், பாறை எங்க இருக்குன்னு துளை போட்டுப் பாக்கணும். அந்த அளவை வச்சு கல்வெர்ட்டு எத்தனை, எவ்ளோ அகலம்னு முடிவு பண்ணணும், அதுக்கு அப்பறம்தான் தண்டவாளம் எந்தப் பக்கம் போகுதுங்கற கோட்டையே வரையணும். எஸ்டேட்ல வயசான கங்காணிங்க இன்னும் இருக்காங்க, எந்த ஓடை எந்த வருஷம் தெசை மாறுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும், சர்வேக்குப் போறவங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும்.